விலைவாசி, வட்டி, ஓய்வுக்காலப் பணம்: டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடியும் நேரத்தில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாத்தாக்களும் ஆயாக்களும் வருவார்கள். நான் ஒரு துணித் தொழிற்சாலையில் 31 ஆண்டு சம்பளக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் எழுதியவள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பணத்தில் வந்துதான் நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் உரிமம் பெற்ற ஆலோசகர் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் உரிமம் உள்ள ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். வட்டி பற்றி நான் சொல்லும் எண்கள் 2025 நவம்பர் வரை உள்ளவை.

பணவீக்கம் பணவீக்கம் என்கிறார்களே, அது என்னை என்ன செய்யும்?

என் அப்பா கதையைச் சொல்கிறேன். 1994இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு காப்பீட்டு நிறுவனம் மாதம் 1,850 ரேண்ட் ஆயுள் முழுக்கத் தருவதாக எழுதிக் கொடுத்தது. அம்மாவுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். அந்தக் காலத்தில் 1,850 ரேண்ட் என்றால் இரண்டு பேர் கௌரவமாகச் சாப்பிடலாம், மின்சாரம் கட்டலாம், தைப்பூசத்துக்குக் கோயிலில் ஏதாவது செய்யலாம். ஒப்பந்தப்படி நிறுவனம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 2014இலும் அதே 1,850 ரேண்ட் வந்தது.

அந்த 20 ஆண்டில் தென்னாப்பிரிக்க விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1994இல் 1,850 ரேண்டுக்குக் கிடைத்த பொருளில் மூன்றில் ஒரு பங்குகூட 2014இல் கிடைக்கவில்லை. அப்பாவிடமிருந்து யாரும் எதையும் திருடவில்லை. ரசீதில் எண் அப்படியே இருந்தது, சாப்பாட்டுத் தட்டுதான் சுருங்கியது. முதலில் ஆட்டுக்கறி போனது. அப்புறம் கோழி வாரம் ஒருமுறை ஆனது. கடைசியில் டின் மீன்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 72ஐ விலையேற்றச் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டில் பணத்தின் மதிப்பு பாதியாகும். 3 சதவீதம் என்றால் 24 ஆண்டு பிடிக்கும். 60 வயதில் ஓய்வு பெற்று 84 வரை இருப்பவருக்கு இந்த வித்தியாசம்தான் வாழ்க்கை.

செய்தியில் 3 சதவீதம்தான் ஏறியது என்கிறார்கள். என் வீட்டில் அப்படித் தெரியவில்லையே?

உங்கள் கண் பொய் சொல்லவில்லை, புள்ளிவிவரத் துறையும் பொய் சொல்லவில்லை. அவர்கள் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே கூடை வைத்து அளக்கிறார்கள். அதில் செல்போனும் காரும் சட்டையும் உண்டு. 70 வயதில் யார் வருஷா வருஷம் செல்போன் வாங்குகிறார்கள்? மூத்தவர்களின் கூடையில் சாப்பாடு, மின்சாரம், மருத்துவத் திட்டத்தின் சந்தா ஆகிய மூன்றும்தான் கனம். இதில் மின்சாரத்தை மட்டும் பாருங்கள். நாட்டின் மின் நிறுவனமான எஸ்காம் கட்டணத்தை 2023இல் 18.65 சதவீதமும், 2024இலும் 2025இலும் ஏறக்குறைய 12.7 சதவீதமும் உயர்த்த ஒப்புதல் கிடைத்தது. மருத்துவத் திட்டச் சந்தாவும் பொது விலைவாசியைவிட வேகமாகத்தான் வழக்கமாக ஏறுகிறது.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். எங்கள் அம்மா வைத்திருந்தார். 10 கிலோ அரிசி, 2 லிட்டர் எண்ணெய், பருப்பு, பால், மின்சாரம், டாக்டர் என்று பக்கத்துக்கு ஒரு மாதம். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் சந்தையில் வெங்காயம் என்ன விலை என்பதுகூட அதில் இருந்தது. ஓராண்டு எழுதினால் உங்கள் வீட்டுப் பணவீக்கம் எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பிரிட்டோரியாவில் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றினால் இங்கே அரிசி விலை எப்படிக் குறையும்?

நேராகக் குறையாது. இதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். நம் நாட்டில் நெல் வணிக அளவில் விளைவதில்லை. நாம் சாப்பிடும் அரிசி பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் உலகச் சந்தையில் விலை ஏறியது. ரிசர்வ் வங்கி வட்டியை எத்தனை ஏற்றினாலும் ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வராது.

ஆனால் இரண்டு வழியில் அது வேலை செய்கிறது. ஒன்று, ரேண்ட். அரிசி, பெட்ரோல் இரண்டுக்கும் டாலரில் பணம் கொடுக்கிறோம். இங்கே வட்டி நன்றாக இருந்தால் வெளிநாட்டுப் பணம் இங்கே தங்கும், ரேண்ட் சரியாமல் நிற்கும். அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றும்போது நம்மவர்கள் கவலைப்படுவதும் இதனால்தான். மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறுகிறதே, அதில் ரேண்டின் நிலவரம் அப்படியே தெரியும்.

இரண்டாவது, பரவுதல். அரிசி விலை ஏறியது என்று டாக்சிக்காரர் கட்டணத்தை ஏற்றி, அதைக் காட்டித் தொழிலாளி சம்பளத்தை ஏற்றிக் கேட்டு, அதைக் காட்டி முதலாளி சரக்கு விலையை ஏற்றினால் அந்தச் சுற்று நிற்காது. வட்டி ஏறிக் கடன் வாங்கும் செலவு கூடினால் ஆட்கள் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், கடைக்காரர் விலையேற்றத் தயங்குவார். முதல் அடியை வங்கி தடுக்க முடியாது. அது அடுத்தடுத்த அடியாக மாறாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. இதற்கு வேலையிழப்பு என்ற விலையும் உண்டு, அந்த விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதையும் மறக்கக் கூடாது.

யார் இதை முடிவு செய்கிறார்கள்?

ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு. ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. 2014 நவம்பர் முதல் லெசெட்ஜா கன்யாகோ ஆளுநர். விலையேற்றம் 3 முதல் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து இலக்காக இருந்தது. 2025 நவம்பரில் நிதியமைச்சர் இனோக் கொடொங்வானா அதை 3 சதவீதமாக, ஒரு சதவீதம் மேலே கீழே போகலாம் என்று மாற்றி அறிவித்தார். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் இது.

என் மகன் வீட்டுக் கடனில் திணறுகிறான். ஏன் இவ்வளவு ஏறி இறங்குகிறது?

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ என்று பெயர். அதோடு 3.5 சேர்த்தால் பிரைம் வட்டி. வீட்டுக் கடன் பெரும்பாலும் பிரைமை ஒட்டித்தான் ஓடும்.

2020 ஜூலையில் கொரோனா நேரத்தில் ரெப்போ 3.5, பிரைம் 7. விலையேற்றம் 2022 ஜூலையில் 7.8 சதவீதத்தைத் தொட்டது. 2023 மே மாதத்துக்குள் ரெப்போவை 8.25க்கும் பிரைமை 11.75க்கும் கொண்டுபோனார்கள். 10 லட்சம் ரேண்ட் கடனை 20 ஆண்டில் அடைப்பதாக இருந்தால், பிரைம் 7இல் மாதத் தவணை சுமார் 7,753. பிரைம் 11.75இல் அது 10,837. 2020இல் "இப்போதுதான் வட்டி மலிவு" என்று கையின் முழு நீளத்துக்கும் கடன் வாங்கிய பிள்ளைகள் மூன்றே ஆண்டில் மாதம் 3,000 ரேண்டுக்கு மேல் கூடுதலாகத் தேட வேண்டியதாயிற்று. என் தங்கை மகள் வீட்டில் கார் போனது அப்படித்தான்.

2024 செப்டம்பரிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. 2025 நவம்பரில் ரெப்போ 6.75, பிரைம் 10.25. அந்த வட்டியில் அதே கடனுக்குத் தவணை சுமார் 9,816. மகனிடம் சொல்லுங்கள்: தவணை குறைந்தாலும் பழைய தொகையையே கட்டச் சொல்லுங்கள். மிச்சம் நேராக அசலில் கழியும். 1998இல் பிரைம் 25.5 சதவீதம் போனதைப் பார்த்தவள் நான். வீடு வாங்கும்போது இன்றைய வட்டிக்குக் கட்ட முடியுமா என்று பார்த்தால் போதாது, இன்னும் மூன்று நான்கு சதவீதம் ஏறினாலும் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

வட்டியைக் குறைத்துக்கொண்டே போகிறார்களே அக்கா. வைப்புத்தொகை வட்டியில் சாப்பிடும் எங்கள் வயிற்றில் அடிப்பதுதானே இது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். கோபம் புரிகிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை.

உங்களிடம் 5 லட்சம் ரேண்ட் இருக்கிறது. ஒரு வருஷம் வட்டி 8.5 சதவீதம், விலையேற்றம் 6 சதவீதம். 42,500 ரேண்ட் வட்டி வருகிறது. ஆனால் உங்கள் 5 லட்சம் அடுத்த ஆண்டும் இதே பொருளை வாங்க வேண்டுமானால் அதில் 30,000 ரேண்டை அசலோடு திருப்பிச் சேர்க்க வேண்டும். உண்மையில் நீங்கள் செலவழிக்கக்கூடியது 12,500 மட்டுமே. 42,500ஐயும் செலவழித்தால் அசலைத் தின்கிறீர்கள், தெரியாமலே.

இன்னொரு வருஷம் வட்டி 7 சதவீதம், விலையேற்றம் 3.2 சதவீதம். வட்டி 35,000தான். அசலோடு சேர்க்க வேண்டியது 16,000. மிஞ்சுவது 19,000. கையில் வந்தது குறைவு, மிஞ்சியது அதிகம்.

1986இல் இங்கே விலையேற்றம் 18 சதவீதத்தைத் தாண்டியது. வங்கியும் இரண்டிலக்க வட்டி கொடுத்தது, மக்கள் பெருமையாகப் பாஸ்புக்கைக் காட்டினார்கள். விலையேற்றம் வட்டியை மிஞ்சி ஓடியதால் அந்தப் பாஸ்புக் ஒவ்வொரு மாதமும் இளைத்துக்கொண்டிருந்தது. அதனால் வங்கி என்ன வட்டி தருகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். விலைவாசியும் வரியும் போக என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

வரி என்றதும் ஒன்று. ஆண்டுக்கு 23,800 ரேண்ட் வரை, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 34,500 ரேண்ட் வரை வட்டி வருமானத்துக்கு வரி இல்லை. இந்த வரம்பு 2013க்குப் பிறகு நகரவே இல்லை. விலைவாசி ஏற ஏற, அசையாத வரம்பும் ஒரு மறைமுக வரிதான். இதைப் பற்றி நம் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் பணத்தை எங்கே வைப்பது? வங்கி போதாதா?

ஆறு மாதச் செலவுக்கான பணத்துக்கு வங்கிதான் சரியான இடம். 2024 ஏப்ரல் முதல் வைப்புக் காப்பீடும் இருக்கிறது. வங்கி மூழ்கினால் ஆளுக்கு ஒரு வங்கியில் 1 லட்சம் ரேண்ட் வரை திரும்பக் கிடைக்கும்.

அதற்கு மேல் உள்ளதற்கு அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரங்களைப் பாருங்கள். 1,000 ரேண்டிலிருந்து வாங்கலாம், இடைத்தரகர் கட்டணம் இல்லை. 2, 3, 5 ஆண்டு நிலை வட்டிப் பத்திரங்கள் உண்டு. விலைவாசியோடு சேர்ந்து அசலே வளரும் பத்திரமும் உண்டு. என் அப்பாவிடம் இருந்தது போன்ற காகிதத்துக்கு நேர் எதிரானது அது. அதன் வட்டி எண் சின்னதாகத் தெரியும், அதைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. அந்தச் சின்ன எண் விலையேற்றத்துக்கு மேலே வருவது என்பதை யாராவது சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார்கள். வட்டி இறங்கும் காலத்தில் 5 ஆண்டு நிலை வட்டியைப் பூட்டி வைப்பதும் புத்திசாலித்தனம்தான், நடுவில் பணம் தேவைப்படாதவர்களுக்கு.

பங்குச் சந்தை என்றாலே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. 2020 மார்ச்சில் சில வாரங்களிலேயே ஜோஹன்னஸ்பர்க் சந்தை விழுந்த வீழ்ச்சி எல்லாருக்கும் நினைவிருக்கும். அன்று விற்றவர்கள் நஷ்டத்தை உறுதி செய்துகொண்டார்கள். விற்காமல் இருந்தவர்கள் ஓராண்டுக்குள் மீண்டார்கள்.

5 ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்கில் போடாதீர்கள். ஆனால் 60 வயதுக்காரருக்கு 80 வயதில் தேவைப்படும் பணமும் இருக்கிறதல்லவா? அது 20 ஆண்டுப் பணம். விலைவாசி ஏறும்போது கடைக்காரர் சோப்பு விலையை ஏற்றுகிறார், கம்பெனியின் லாபமும் காலப்போக்கில் ஏறுகிறது, அதில் ஒரு சின்னப் பங்கு உங்களுக்கும் வருகிறது. ஓய்வூதிய நிதிகளுக்கு அரசு போட்டிருக்கும் விதிப்படி பங்கில் 75 சதவீதத்துக்கு மேலும், வெளிநாட்டில் 45 சதவீதத்துக்கு மேலும் போக முடியாது. அந்த வெளிநாட்டுப் பகுதி ரேண்ட் சரிவுக்கு ஒரு குடை.

நகை இருக்கும்போது எனக்கென்ன கவலை?

1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்கள் மாதம் 10 ஷில்லிங் கூலியில் மிச்சம் பிடித்துத் தங்கமாக்கினார்கள். வங்கி அவர்களை உள்ளேயே விட்டிருக்காது. என் ஆயாவின் அட்டிகைதான் என் அப்பாவின் பள்ளிக்கூடக் கட்டணம். ஆகவே தங்கத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

தங்கம் டாலரில் விலை போகிறது. ரேண்ட் சரிந்தால் நம் கையில் அதன் விலை ஏறும். இது நல்ல பாதுகாப்பு. ஆனால் அது வாடகை தராது, வட்டி தராது. நகையாக வாங்கினால் செய்கூலி போய்விடும், விற்கும்போது எடைக்குத்தான் காசு. காப்பாற்றும் பணமாகத் தங்கம் வேண்டும் என்றால் நம் நாட்டின் க்ரூகராண்ட் தங்க நாணயம் மேல். 1967 முதல் அடிக்கிறார்கள், முழு அளவு நாணயத்தில் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸ் 850 டாலருக்குப் போனது. அந்த உச்சத்தில் வாங்கியவர் அதே 850 டாலரை மறுபடி பார்க்க 2008 வரை, 28 ஆண்டு, காத்திருந்தார். அந்த இடைவெளியில் விலைவாசி வேறு ஏறியது. பத்தில் ஒரு பங்கு தங்கம் போதும் என்பது என் கருத்து. கல்யாண நகையை இதில் சேர்க்காதீர்கள், அதை யாரும் விற்கப்போவதில்லை.

இரண்டு பானைத் திட்டத்தில் பணம் எடுக்கலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

2024 செப்டம்பர் 1 முதல் நீங்கள் கட்டும் ஓய்வூதியப் பணம் இரண்டாகப் பிரிகிறது. மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானை, மூன்றில் இரண்டு பங்கு ஓய்வுப் பானை. சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ரேண்ட் எடுக்கலாம். தொடக்கத்தில் பழைய சேமிப்பிலிருந்து 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ரேண்ட், அதில் போட்டார்கள்.

எடுப்பது சம்பளத்தோடு சேர்ந்து வரியாகும். உங்கள் வரி விகிதம் 26 சதவீதம் என்றால் 30,000 எடுத்துக் கையில் வருவது 22,200. அதையே விட்டுவைத்து, விலைவாசிக்கு மேல் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால், 20 ஆண்டில் இன்றைய மதிப்பிலேயே 79,000 ரேண்டுக்கு மேல். கிரெடிட் கார்டுக் கடன் கழுத்தை நெரித்தால், வீட்டில் வருமானம் நின்றுபோனால், எடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். தீபாவளிக்கு டிவி வாங்க எடுக்காதீர்கள்.

ஓய்வு பெறும்போது லிவிங் ஆன்யூட்டியா, உத்தரவாத ஆன்யூட்டியா?

சேர்த்த ஓய்வூதியப் பணத்தைத் தொடர் வருமானமாக மாற்றும் ஏற்பாடுதான் ஆன்யூட்டி. லிவிங் ஆன்யூட்டியில் பணம் உங்கள் பெயரில் முதலீட்டில் இருக்கும். ஆண்டுக்கு 2.5 முதல் 17.5 சதவீதம் வரை நீங்களே தீர்மானித்து எடுக்கலாம். மீதி பிள்ளைகளுக்குப் போகும். இதனால்தான் நம்மவர்களுக்கு இது பிடிக்கிறது. ஆபத்தும் அங்கேதான். 10 லட்சத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் எடுத்து, அதை விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே போனால், முதலீடு 9 சதவீதமும் விலைவாசி 5 சதவீதமும் என்று வைத்தால், 12, 13 ஆண்டில் பானை காலி. 50,000 மட்டும் எடுத்தால் 30 ஆண்டுக்கு மேல் வரும். இதில் நிர்வாகக் கட்டணத்தை நான் கழிக்கவில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டில் சந்தை விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். விழுந்த விலையில் விற்றுச் சாப்பிட்டது திரும்பி வராது.

உத்தரவாத ஆன்யூட்டி சாகும்வரை வரும். ஆனால் எந்த வகை என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஏறாத வகையில் முதல் மாதத் தொகை பெரிதாக இருக்கும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் வகை, விலைவாசியோடு ஏறும் வகை இரண்டிலும் முதல் மாதம் கணிசமாகக் குறைவாக இருக்கும். மேசையில் மூன்று தாள்களையும் வைத்தால் கை தானாகப் பெரிய எண்ணுக்குப் போகும். என் அப்பா கை அப்படித்தான் போனது. ஒருமுறை போட்டால் மாற்ற முடியாது. இரண்டையும் பாதிப்பாதியாகக் கலக்கலாம், அரிசி பருப்பு மின்சாரத்துக்கு உத்தரவாத வகை, மற்றதற்கு லிவிங். கேட்டால் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களுக்கு நிம்மதி அதிகம். அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி, விலையேற்றத்தில் குறைந்தது 75 சதவீதம் அளவுக்கு ஆண்டு உயர்வு தர விதி வைத்திருக்கிறது. மீதிக் கால்வாசிக்கு மட்டும் நீங்களே கொஞ்சம் சேமித்தால் போதும்.

சாசா என்ற அரசு முகமை தரும் முதியோர் உதவியை மட்டும் நம்பி இருக்கலாமா?

2025 ஏப்ரலில் அது மாதம் 2,315 ரேண்ட் ஆனது, 75 வயதுக்கு மேல் 20 ரேண்ட் கூடுதல். தகுதி இருந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அதை மட்டும் நம்பி ஒரு வீட்டை நடத்த முடியாது என்பது அதை வாங்குகிறவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

மாதம் 10 சதவீதம் தருகிறார்களாம், கோயிலில் பழக்கமான ஆள்தான்...

வேண்டாம். நிதித்துறை நடத்தை ஆணையத்தில் அவருடைய உரிம எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். எண்ணைக் கேட்டதும் அவர் முகம் மாறினால் அதுவே பதில். வட்டி இறங்கும் காலத்தில்தான் இவர்கள் படையெடுப்பார்கள். ஒரு விதவை அக்கா கணவரின் காப்பீட்டுப் பணம் முழுவதையும் இப்படிக் கொடுத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பேத்திக்கு 25 வயது, இப்போதுதான் வேலை. எங்கே தொடங்கச் சொல்லலாம்?

முதலில் கம்பெனி ஓய்வூதியம். அதற்கடுத்து வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. 2015 முதல் இருக்கிறது. வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் லாபத்துக்கும் வரி கிடையாது. வாழ்நாள் வரம்பு 5 லட்சம் ரேண்ட். ஆண்டு வரம்பை அரசு அவ்வப்போது மாற்றுகிறது, அந்த ஆண்டின் எண்ணைப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், மீறினால் மீறிய தொகையில் 40 சதவீதம் அபராதம். மாதம் 500 ரேண்டில் தொடங்கி, அதை விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே வந்து, விலைவாசிக்கு மேல் 4 சதவீதம் வளர்ந்தால், 60 வயதில் இன்றைய மதிப்பில் நாலரை லட்சம் ரேண்ட் இருக்கும்.

பிள்ளையாக இருந்தபோது அவள் பெயரில் யாராவது இந்தக் கணக்கைத் திறந்தார்களா என்று அவள் அம்மாவிடம் முதலில் கேளுங்கள். அப்போது போட்டதும் அவளுடைய வாழ்நாள் வரம்பில் கழியும். நடுவில் எடுத்துவிட்டு மறுபடி போட்டால், அது புதிதாகப் போட்டதாகத்தான் கணக்கு.